தூண்டில்காரன் காவல்

பகிஷ்காரம் என்ற சொல்லை அறியாத தமிழ்க் குடும்பம் ஒரு காலத்தில் இருந்ததில்லை. அந்நியத் துணியைப் பகிஷ்கரித்தோம், கள்ளுக்கடையைப் பகிஷ்கரித்தோம், 1928-ஆம் வருஷத்தில் வந்திறங்கிய ஸைமன் கமிஷனையும் பகிஷ்கரித்தோம். ஆனால் இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பாய்காட்' என்ற சொல் ஒரு மனிதருடைய பெயர் என்பதும், அந்த மனிதர் குடியிருந்தது மீனுக்குப் பேர்போன ஓர் ஏரிக்கரை என்பதும் நம்மில் பலருக்குத் தெரிந்திராது.

அயர்லாந்தின் மேற்கே, மேயோ ஜில்லாவில், மாஸ்க் ஏரி என்று ஓர் ஏரி இருக்கிறது. அதன் கரையில் 1880-ஆம் வருஷத்தில் காப்டன் சார்லஸ் பாய்காட் என்பவர் எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக வசித்து வந்தார். விளைச்சல் மோசமாயிருந்த காலம். குத்தகையைக் குறைக்க வேண்டுமென்று குடியானவர்கள் கேட்டார்கள். கேட்ட அளவுக்குக் குறைக்க மனம் வராமல், நிலத்தைவிட்டு வெளியேற்றும் நோட்டீசுகளை அனுப்பினார் பாய்காட். ஜனங்கள் அவரோடு சகல சம்பந்தங்களையும் அறுத்துக் கொண்டார்கள். அறுவடைக்கு ஆள் வரவில்லை. கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. தபால் சுமந்து வந்த பையன்கூட நின்றுவிட்டான். வடக்கேயிருந்து 50 ஆட்களை வரவழைத்து, அவர்களுக்குக் காவலாக நூற்றுக்கணக்கான சிப்பாய்களையும் நிறுத்தி அந்த அறுவடையை முடிக்க வேண்டியதாயிற்று. டிசம்பர் மாதம் காப்டன் அயர்லாந்தைவிட்டே புறப்பட்டுப் போனார். பெயர் மட்டும் அகராதியில் தங்கிவிட்டது.

இந்த வாரம் நாம் சொல்ல வந்தது நிலத்தைப் பற்றியன்று. அந்த ஏரியின் மீனைப் பற்றி. நிலம் யாருடையது என்ற கேள்வி எழுந்த அதே கரையில், நூறு வருஷங்கள் கழித்து, மீன் யாருடையது என்ற கேள்வியும் எழுந்தது. அதே கேள்வி இப்போது நம் மதுரை ஜில்லாவின் கண்மாய்க் கரைகளிலும் உலவிக் கொண்டிருக்கிறது. ஆகவே அயர்லாந்துக்குப் போய்விட்டு ஒத்தக்கடைக்குத் திரும்பி வருவது பயனுள்ள யாத்திரையாகவே இருக்கும்.

மாஸ்க் ஏரிக்குத் தெற்கே காரிப் என்னும் பெரிய ஏரி இருக்கிறது. ஏறக்குறைய 175 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. இவ்விரண்டிலும் வாழ்கிறது 'டிரவுட்' என்னும் மீன். உடலெங்கும் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளி வைத்த, பழுப்பு நிற மீன். குளிர்ந்த, தெளிந்த நீரில்தான் அது பிழைக்கும். குளிர்காலத்தில் ஏரியைவிட்டு ஓடைகளில் ஏறிப் போய், கூழாங்கற்களுக்கிடையே முட்டையிட்டுவிட்டுத் திரும்பும். மண்புழுவுக்கும் அது வாய் திறக்கும் என்றாலும், ரஸிகர்கள் அதை ஈயைக் காட்டியே பிடிக்கிறார்கள்.

ஈ என்றால் நிஜ ஈ அன்று. சிறு தூண்டில் முள்ளின்மேல் பட்டு நூலைச் சுற்றி, பறவை இறகும் முயல் மயிரும் வைத்துக் கட்டி, தண்ணீரில் விழுந்த பூச்சியைப் போலச் செய்து விடுகிறார்கள். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நூலை இழுத்துக் கொண்டு போகும். அவர்களுடைய பொய் ஈக்கோ கனமே கிடையாது. ஆகையால் நூலையே கனமாகச் செய்து, கம்பை முன்னும் பின்னுமாக வீசி, அந்த நூல் காற்றில் வளைந்து நீண்டு, ஈ ஓசையின்றி நீரில் இறங்கும்படி செய்ய வேண்டும். படகை ஏரியில் குறுக்காக நிறுத்திக் காற்றின் போக்கிலே மிதக்க விட்டு, அதில் இரண்டு பேர் உட்கார்ந்து நாள் முழுதும் இதைச் செய்கிறார்கள். ஏரி கண்ணாடி போல் அசையாமல் இருந்தால் காரியம் நடவாது. மீன் மனிதனைக் கண்டுவிடும். சிறு அலை வேண்டும். மேகமும் இருந்தால் நல்லது. கலியாணத்துக்கு வெயில் வேண்டுமென்று பிரார்த்திக்கும் உலகத்தில், மழை மூட்டம் வேண்டுமென்று வேண்டிக் கொள்கிறவன் அயர்லாந்தின் தூண்டில்காரன்.

மே மாதம் வந்தால் அங்கே நிஜப் பூச்சிக்கே ஒரு திருவிழா. 'மே ஈ' என்று ஒரு பூச்சி. அதன் குஞ்சு ஏரியின் அடிச் சேற்றில் ஏறக்குறைய இரண்டு வருஷம் புதைந்து கிடக்கிறது. பிறகு ஒரு நாள் மேலே மிதந்து வந்து, தோலை உரித்து, இறகு முளைத்துப் பறக்கிறது. புது மழைக்கு நம் வீட்டு விளக்கைச் சுற்றும் ஈசலை நினைத்துக் கொள்ளுங்கள். இறகு முளைத்த பிறகு அந்தப் பூச்சி சாப்பிடுவதில்லை. சாப்பிடும் வாயே அதற்குக் கிடையாது. இரண்டொரு நாளில் ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு, நீரில் விழுந்து மடிகிறது. அந்த நாட்களில் டிரவுட் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வயிறு நிறைய உண்கின்றன. அப்போது மிக நீண்ட கம்பில் மெல்லிய பட்டுக் கயிறு கட்டி, உயிருள்ள மே ஈயை முள்ளில் கோத்து, காற்றே அதைத் தூக்கிச் சென்று அலையின்மேல் தொட்டுத் தொட்டு வைக்கும்படி பிடித்துக் கொண்டிருப்பார்கள். கரையோரப் புதர்களில் மே ஈக்களைப் பிடித்துப் பெட்டியில் அடைத்து, தூண்டில்காரர்களுக்கு விற்றுச் சில்லறை சேர்ப்பது அவ்வூர்ச் சிறுவர்களின் வெகுநாள் வழக்கம். பள்ளிக்கூட உபாத்தியாயரான நமக்கு, மே மாதத்தில் அங்கே வகுப்பில் எத்தனை பையன்கள் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

இது சீமான்களுக்கு மட்டும் உரிய விளையாட்டென்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் நல்ல ஆறுகளின் மீன்பிடி உரிமை பெரும்பாலும் தனியார் கையில் இருக்கிறது. மேற்கு அயர்லாந்தின் இப்பெரிய ஏரிகளிலோ டிரவுட் பிடிக்க எவரும் போகலாம். தச்சனும் தபால்காரரும் வேலை முடிந்த மாலையில் படகைத் தள்ளிக் கொண்டு போகிறார்கள். அவர்களுக்கு நடுவில், அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதியாயிருந்த கிங்ஸ்மில் மூர் என்பவரும் இருந்தார். இவர் தாமே புதுவகை ஈக்களைக் கட்டி, தம் மீன்பிடி அனுபவங்களை 1960-ஆம் வருஷத்தில் புத்தகமாகவும் வெளியிட்டார். நம் ஒத்தக்கடைக்கு அருகிலே 2004 முதல் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை நடந்து வருகிறது. அங்கிருந்து கனம் நீதிபதி ஒருவர் தூண்டிலும் கையுமாக மாலையில் கண்மாய்க் கரைக்கு வந்து உட்கார்ந்தால், நம் ஜனங்கள் என்னென்ன ஊகிப்பார்களோ தெரியாது!

இந்த விளையாட்டில் நாம் மதிப்பது கம்பு வீசும் சாமர்த்தியத்தை விட வேறொன்று. பொய் ஈயைக் கட்டுகிறவனுக்கு நிஜப் பூச்சியைத் தெரிந்திருக்க வேண்டும். எந்த மாதத்தில் எது பறக்கும், எந்தப் பாறையருகே நீர் ஆழம், எந்த ஓடையில் மீன் ஏறும் என்பதெல்லாம் மனப்பாடமாயிருக்க வேண்டும். அப்படிப்பட்டவன் கண்ணுக்கு ஏரியில் நேரும் சிறு மாறுதலும் தப்புவதில்லை. அயர்லாந்தின் நடுப்பகுதியில் ஷீலின் என்றோர் ஏரி டிரவுட் மீனுக்குப் பிரசித்தமானது. 1970-களில் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளின் கழிவு ஓடைகளில் இறங்கி ஏரியில் கலந்தது. தெளிந்த நீர் பச்சையாயிற்று, மே ஈ குறைந்தது, மீனும் குறைந்தது. அந்த ஏரியின் தூண்டில்காரர்கள் வருஷக்கணக்கில் விடாமல் கூச்சல் போட்டார்கள். பூச்சி பறக்கவில்லை என்று வருத்தப்பட ஓர் ஊரில் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம்!

இனி, பகிஷ்காரம் மறுபடி வந்த கதைக்கு வருவோம். டிரவுட் பிடிப்பவர்கள் கட்டணம் செலுத்தி லைசென்ஸ் எடுக்க வேண்டுமென்று அயர்லாந்து அரசாங்கம் 1987-ஆம் வருஷக் கடைசியில் ஒரு சட்டம் செய்தது. தொகை பெரிதன்று. ஆனால் தகப்பனும் பாட்டனும் கேளாமல் பிடித்த மீனுக்கு, தாங்கள் ஏன் சீட்டு வாங்க வேண்டும் என்று ஏரிக்கரை ஜனங்கள் கேட்டார்கள். 1988 முதல் சச்சரவு முற்றியது. சீட்டு வாங்க மறுத்தார்கள்; ஊர்வலம் போனார்கள்; வெளியூரார் வருகை குறைந்து விடுதிக்காரர்கள் நஷ்டப்பட்டார்கள். கடைசியில் 1990-இல் அரசாங்கம் இறங்கி வந்து கட்டாயத்தைக் கைவிட்டது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதே நம் அபிப்பிராயம். ஏரியைப் பராமரிக்கப் பணம் வேண்டும் என்பது மெய்தானே? ஆயினும் ஏரி தங்களுடையது என்று உணர்ந்த ஜனங்கள் இருந்தார்கள் என்பதை அந்தச் சண்டை உலகுக்குக் காட்டிற்று.

நிற்க. நம் நாட்டில் டிரவுட் இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது, அதைக் கொண்டு வந்தவர்கள் வெள்ளைக்காரத் துரைமார். தங்கள் ஊர் மீனைப் பிடிக்காமல் அவர்களுக்குப் பொழுது போகவில்லை. சென்னை ராணுவத்தில் டாக்டராயிருந்து, பிற்காலத்தில் இந்திய மீன்களைப் பற்றிப் பெரு நூல் எழுதிய பிரான்ஸிஸ் டே என்பவர், 1863-ஆம் வருஷத்திலேயே நீலகிரிக்கு டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்ஸன் என்ற மீன் நிபுணர் அந்த வேலையை மறுபடி எடுத்துக் கொண்டார். 1907-ஆம் வருஷத்தை ஒட்டி அவலாஞ்சியில் முட்டை பொரிக்கும் நிலையம் ஏற்பட்டது. அமெரிக்காவின் மேற்குக் கரையைப் பூர்விகமாகக் கொண்ட 'வானவில் டிரவுட்' என்ற இனமே அங்கு ஊன்றிக் கொண்டது. ஒரு மீனைக் குடியேற்ற நாற்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது. துரைமாரின் விடாமுயற்சியைப் பாராட்டத்தான் வேண்டும்.

அவர்களிலும் நம் குளத்தை மதித்தவர்கள் உண்டு. சென்னை மாகாணத்தில் கலெக்டராயிருந்த ஹென்றி ஸல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு நூலும், 1887-இல் குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக ஒரு நூலும் எழுதினார். இவரும் டாக்டர் டேயும், முட்டையிடப் போகும் மீனையும் பொடிக் குஞ்சுகளையும் வாரி அழிப்பதைக் கண்டு சர்க்காரிடம் முறையிட்டார்கள். வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டம் குற்றமாக்கிற்று. தூண்டில் பிடித்த கைகள்தான் அந்தச் சட்டத்துக்கு முன்னோடியாக மனு எழுதின.

இனி நம் ஊருக்கு வருவோம். ஒத்தக்கடையிலிருந்து எத்திசையில் நடந்தாலும் யானைமலை கூடவே வரும். மழை பெய்த வருஷமாயிருந்தால் ஏதாவதொரு கண்மாயும் எதிரே வரும். மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்கள் பலவற்றுக்கு, 1895-இல் கட்டி முடிந்த பெரியாற்று அணையின் தண்ணீர் வாய்க்கால் வழியே வருகிறது. மற்றவை வானத்தை நம்பியவை. புதுத் தண்ணீர் மறுகாலில் பாயும்போது, டிரவுட் ஓடையில் ஏறுவதைப் போலவே, நம் கெண்டையும் கெளுத்தியும் வெள்ளத்தை எதிர்த்து ஏறுகின்றன. முட்டையிடத்தான் அந்த அவசரம். விரால் மீனோ, தாயும் தகப்பனுமாகச் சேர்ந்து, செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காத்துக் கொண்டு திரியும். இவற்றைப் பார்க்க நாம் அயர்லாந்துக்குப் போக வேண்டியதில்லை.

பள்ளிக்கூடம் விட்டபின் கண்மாய்க் கரையில் நடப்பது நம் வழக்கம். மடைக்கு அருகே ஒரு பெரியவர் மூங்கில் கம்பும் தக்கையுமாக உட்கார்ந்திருப்பார். சென்ற மாதம் அவரிடம், "அயிரை கிடைக்கிறதா, ஐயா?" என்று விசாரித்தோம். அயிரை தூண்டிலுக்கு அகப்படும் மீனன்று. அதைத் துணியிலும் கூடையிலும் வாரித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் மதுரை ஜில்லாவில் கண்மாயின் க்ஷேமத்தை வேறெப்படிக் கேட்பது?

"வாங்க, வாத்தியாரய்யா. அயிரையா? அது கண்ணுலயே படலீங்க. தண்ணி கெட்டா முதல்ல கோவிச்சுக்கிட்டுப் போறது அதுதான். இப்ப கிடக்கிறதெல்லாம் ஜிலேபியும் தேளியுந்தான். அதுகளுக்குச் சாக்கடையும் ஒண்ணு, சந்தனமும் ஒண்ணு."

பெரியவர் ஒரு வாக்கியத்தில் ஒரு சரித்திரத்தைச் சொல்லிவிட்டார். ஜிலேபிக் கெண்டை நம் நாட்டு மீனன்று, ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, 1952-ஆம் வருஷத்தில் இந்தியாவுக்கு வந்தது. டிரவுட்டைக் குடியேற்ற வெள்ளைக்காரர் பட்ட பாட்டில் நூறில் ஒரு பங்குகூட இதற்குத் தேவைப்படவில்லை. தின்பண்டத்தின் பெயரையும் சூட்டிக் கொண்டு ஊரெல்லாம் பரவிவிட்டது. அவர் தேளி என்றது ஆப்பிரிக்கக் கெளுத்தியை. மற்ற மீன்களையெல்லாம் விழுங்கித் தீர்க்கும் அதை வளர்க்கக் கூடாதென்று மத்திய அரசாங்கம் 2000-ஆம் வருஷத்திலேயே தடை செய்தது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. மீன் கண்மாயில் இருக்கிறது.

அன்றிரவு யோசித்து, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். தங்கள் ஊர்க் கண்மாயில் உள்ள மீன்களின் பெயர்களை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். எதிர்ப் பக்கத்தில் தாத்தாவையோ பாட்டியையோ கேட்டு எழுத வேண்டும். மறுநாள் நோட்டுப் புத்தகங்கள் வந்தன. பிள்ளைகளின் பக்கத்தில் ஜிலேபி, கட்லா, ரோகு, தேளி என்று நான்கைந்து பெயர்கள். எதிர்ப் பக்கத்தில் விரால், குரவை, ஆரால், உளுவை, அயிரை, கெளுத்தி, பனையேறி, விலாங்கு என்று பட்டியல் நீண்டு கொண்டே போயிற்று. ஒரு சிறுமியின் பாட்டி, தாம் சொன்ன மீன்களில் எதை எந்த மாதத்தில் எந்தப் புளியில் குழம்பு வைக்க வேண்டுமென்றுகூடச் சேர்த்துச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த நோட்டைத் திருத்த நமக்கு மனம் வரவில்லை.

பெயர் தெரியாத மீன் காணாமற் போனால் அழுவார் யார்? கவலை இதுதான்.

ஊர் கூடி மீன் பிடிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லாமலில்லை. மேலூர், நத்தம், சிங்கம்புணரிப் பக்கங்களில், அறுவடை முடிந்து கண்மாய் வற்றும் காலத்தில் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. விடியுமுன்பே ஜனங்கள் கரையில் கூடுகிறார்கள். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான்! ஊத்தாவும் கூடையும் வீச்சு வலையுமாக ஆயிரக்கணக்கானவர் ஒரே சமயத்தில் இறங்குவார்கள். ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. சேற்றில் அழுத்தி, மேல் வாயில் கைவிட்டு உள்ளே சிக்கிய மீனை எடுக்க வேண்டும். சாதி பேதம், ஊர் பேதம் பாராமல் யாரும் இறங்கலாம். அன்று பிடித்த மீனை விற்பதில்லை. வீட்டில் சமைத்து உறவினருக்கும் கொடுப்பார்கள். இப்படிச் செய்தால் அடுத்த வருஷம் மழை பெய்து கண்மாய் நிறையும் என்பது நம்பிக்கை.

இத்திருவிழாவில் தூண்டில்காரனின் பொறுமை இல்லை. ஈ கட்டும் நுட்பமும் இல்லை. ஆனால் அயர்லாந்து ஜனங்கள் லைசென்ஸ் சண்டையில் காட்டிய உணர்ச்சி இதில் இருக்கிறது. இந்தத் தண்ணீர் எங்களுடையது, இதில் விளைந்ததில் ஏழைக்கும் ஒரு குழம்பு உண்டு என்கிற உணர்ச்சி அது. பல கண்மாய்களில் மீன்பாசி ஏலம் விடப்படுகிறது. குத்தகை எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டு, வளர்த்து, பிடித்து விற்கிறார். அவர் முதல் போட்டிருக்கிறார். லாபம் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஊராருக்குக் கண்மாய் அந்நியமாகிவிடுகிறது. தூண்டிலோடு வரும் பையன் துரத்தப்படுகிறான். கரையில் குப்பை கொட்டினாலும், வாய்க்கால் அடைபட்டாலும், சாக்கடை வந்து சேர்ந்தாலும், 'குத்தகைக்காரர் பாடு' என்று ஜனங்கள் போய்விடுகிறார்கள். குத்தகை முடிந்ததும் குத்தகைக்காரரும் போய்விடுகிறார்.

ஊராரின் கண் என்ன செய்யும் என்பதை யானைமலையே சொல்லும். 2009–2010 காலத்தில் அம்மலையைக் குடைந்து சிற்ப நகரமாக்கும் யோசனை கிளம்பியபோது, அடிவாரத்து மக்கள் எதிர்த்து நின்றார்கள், யோசனை கைவிடப்பட்டது. தினமும் விழித்தவுடன் பார்க்கும் மலையாதலால் அவர்களால் சும்மா இருக்க முடியவில்லை. கண்மாயையும் அப்படித் தினம் பார்க்கிறவர்கள் வேண்டும்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. ஏலம் விட்ட கண்மாயிலும், தூண்டில் ஒன்றை மட்டும் ஊராருக்கு விட்டுவைக்கும்படி ஏல நிபந்தனையில் ஒரு வரி சேர்க்கக் கிராம சபையில் கேட்கலாம். தூண்டிலால் எந்தக் குத்தகைக்காரரும் ஓட்டாண்டியாகிவிட மாட்டார். மறுகாலில் மீன் ஏறும் அந்தச் சில நாட்களில் வலை கட்டக் கூடாதென்று ஊர்க் கட்டுப்பாடு வைக்கலாம். தடை செய்த மீனின் குஞ்சை விடுகிறவர் யாரென்று கேட்கலாம். கேட்பதற்கு அந்த மீனை அடையாளம் தெரிந்த மனிதர்கள் வேண்டும். அத்தகையவர்களை உண்டாக்குவது வீட்டில் உள்ள நம்மால் ஆகும்.

ஆகையால் வாசகர்களுக்கு நம் விண்ணப்பம் இதுவே. அடுத்த விடுமுறையில், நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் துணையோடு, குழந்தைகளை அருகிலுள்ள கண்மாய்க்கு அழைத்துப் போங்கள். ஒரு மூங்கில் கம்பு, கொஞ்சம் நரம்பு, ஒரு முள், ஒரு தக்கை, பிசைந்த மாவு ஓர் உருண்டை. ஐம்பது ரூபாய்க்குள் அடங்கிவிடும். மீன் அகப்பட்டால் அதன் பெயரைப் பாட்டியிடம் கேட்டு எழுதிக் கொள்ளட்டும். அகப்படாவிட்டாலும் பாதகமில்லை, காரிப் ஏரியிலும் வெறுங்கையோடு திரும்பும் நாட்களே அதிகமாம்.